ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை

அக்டோபர் 4, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு அவமானமாக இருப்பதையும் எழுதுவேன். பொய் எழுதத் தோன்றினால் அன்றைக்கு எழுதாமல் இருந்துவிடுவேன். இதை அப்பாவிடம் சொன்னபோது, "பத்தாம் கிளாஸ் புள்ளைக்கு மறைக்கிற அளவுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தார். அதுவும் உண்மைதான். மறைக்க எதுவும் இல்லை. இப்போதைக்கு.

எழுத ஆரம்பிக்கக் காரணம் அக்கா. இன்று முதல் நான் அவளுடைய 'பார்வையாளர்'. அக்கா அரசியல் அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அரசியல் படிக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும், "மந்திரி ஆனதும் எங்களை மறந்துடாதம்மா" என்கிறார். நவம்பர் 28க்குள் அவள் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஜனவரியில் உதவித்தொகையோடு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யலாம். கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

அந்த ஆய்வேடு எங்கள் மன்றத்தைப் பற்றியது. எங்கள் என்று எழுதிவிட்டேன். அக்காவுடைய மன்றம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சலவைக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. சனிக்கிழமை மாலையில் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, பிறகு பாட்டு, பிறகு நாடக ஒத்திகை. கீழே துணி உலர்த்தும் மெஷின் ஓடும்வரை தரை இதமாகச் சூடாக இருக்கும். மெஷின் நின்றதும் தரை குளிர்ந்துவிடும். அப்போது எல்லோருக்கும் வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வரும்.

மன்றத்தில் ஓட்டுப் போடுவது கிடையாது. அதற்குப் பதிலாக ஸ்டூல். நீல நிறம், ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் அக்கா விஷயத்தைச் சொல்லி, ஸ்டூலை நடுவில் வைத்து, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு தன் நாற்காலியில் உட்காருவாள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசலாம். அக்கா குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்க்கும்வரை நேரம். அதுவரை ஸ்டூல் காலியாக இருந்தால் எல்லோருக்கும் சம்மதம். சண்டை இல்லை, தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. இதுதான் அவள் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், மேடம் என்றுதான் அக்கா சொல்வாள், இதுவரை எழுதியதில் அதுதான் உருப்படியானது என்று சொல்லியிருக்கிறாராம்.

என் வேலை மூலையில் உட்கார்ந்து பார்த்து எழுதிக் கொடுப்பது. "பார்த்ததை மட்டும் எழுது, அகராதி. நீயா நினைச்சதை எழுதாத. பார்வையாளர் ஸ்டூல் பக்கமே வரக்கூடாது" என்றாள். அகராதி என்பது என் பெயர் அல்ல. படிக்கிறேன் என்பதாலா, அடம் பிடிக்கிறேன் என்பதாலா, எதற்காக வைத்தாள் என்று அவள் சொல்வதில்லை.

முடிந்ததும் வழக்கம்போல் நான் கீழே சலவைக் கடைப் பெஞ்சில் காத்திருந்தேன். அக்கா கடைசி ஆளாக எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். நான்கு வருடமாக அப்படித்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. என் பக்கத்தில் அல்ஜீப்ரா. அவள் பக்கத்தில் 'அதிகாரம்' என்று தொடங்கும் நான்கு தடித்த புத்தகங்கள். அவற்றுக்கு மேல் நாடகத்துக்கான ஒட்டு மீசைகள்.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எதையும் முடிவாகச் சொல்லிப் பழகியவர். மீசையைப் பார்த்துவிட்டு, "நீ படிக்கிறியா, நாடகம் போடுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. ரிசல்ட் எழுதணும்" என்றார்.

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டும்னு ஒரு ரிசல்ட் கிடையாது."

அக்கா மீசையை எடுத்து அம்மாவுக்கு ஒட்டப் போனாள். சிரிப்பில் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அக்கா பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்ததை எழுதலாம் அல்லவா? அது நினைத்ததில் சேராது.

அக்டோபர் 11, சனி

முக்கியமான கூட்டம். நாடகத்துக்குத் தேதி.

நாடகத்தில் ஒரு பேருந்து நிறுத்தம், வராத கடைசி பஸ், அதற்காகக் காத்திருக்கும் ஏழு பேர். நவம்பர் 22க்கு நூலகத்துப் பெரிய ஹால் கிடைக்கும். அக்காவின் ஆய்வேட்டுக்குக் கடைசி நாளுக்கு ஆறு நாள் முன்னால்.

அக்கா எழுந்து சொன்னாள்: "இருபத்திரண்டு. ஆறு வாரம் இருக்கு. ஹால்காரங்க நாளைக்குள்ள சொல்லச் சொல்றாங்க. கஷ்டம்தான், ஆனா முடியும். யாருக்காவது வேற எண்ணம் இருந்தா வாங்க."

ஸ்டூலை வைத்தாள். டீ ஊற்றினாள்.

பார்த்ததை எழுதுகிறேன். டிரம்ஸ் அண்ணன் டயர் கடையில் வேலை செய்பவர். மன்றத்துக்கு அவர்தான் தாளம். விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். நர்ஸ் அக்கா நர்சிங் கடைசி வருடம், நாடகத்தில் கண்டக்டர். தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். வக்கீல் உண்மையில் மொபைல் கடையில் திரை மாற்றுகிறவர். எதற்கும் எதிர்வாதம் செய்வதால் அந்தப் பெயர். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்தார். மற்றவர்கள் தரையின் சூட்டில் கையை வைத்திருந்தார்கள்.

அக்கா வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தாள். டம்ளர் காலியான பிறகும் உள்ளே பார்த்து ஒருமுறை சுழற்றினாள். அடியில் சர்க்கரை தங்கியிருக்கலாம். பிறகு கவிழ்த்தாள்.

"சரி. இருபத்திரண்டு."

எல்லோரும் கை தட்டினார்கள். முடிவு என்ற இடத்தில் 'முழுச் சம்மதம்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. உலகத்தில் எத்தனை நாடுகள் அடித்துக்கொள்கின்றன. எங்களுக்கு ஒரு ஸ்டூல் போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

அக்கா சாப்பிடும்போதே படித்தாள், படிக்கும்போதே போனில் ஹால்காரரிடம் பேசினாள். பேசிக்கொண்டே தண்ணீர் என்று நினைத்து அப்பாவின் இருமல் மருந்தை ஊற்றப் போனாள்.

அக்டோபர் 18, சனி

குழப்பம்.

ஒத்திகை சுமார். ஏழு பேர் வர வேண்டிய இடத்தில் நான்கு பேர். அக்கா மற்ற மூன்று பேரின் வசனத்தையும் தானே மூன்று குரலில் பேசி நடத்தினாள். பிள்ளைகள் அதை ரசித்தார்கள்.

இறங்கும்போது வெளிப்படிக்கட்டில் டிரம்ஸ் அண்ணன் எனக்கு முன்னால் நின்றார். மேலே அக்கா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நவம்பர் பூரா கடையில எனக்கு டபுள் ஷிஃப்ட், அகராதி. எப்படி வரப்போறேன்னு தெரியல."

"அப்போ அன்னைக்கு ஏன் ஸ்டூல்ல உட்காரல?"

"உங்க அக்கா படிப்புக்கு இந்த ஷோ வேணும்ல? நம்மளைப் பத்தித்தானே எழுதுறாங்க. நான் உட்கார்ந்து கெடுக்கவா? நீ சொல்லிடாத."

அவர் போனதும் நர்ஸ் அக்கா வந்தார். அவருக்கு நவம்பர் 24ஆம் தேதி பரீட்சை. "எல்லாரும் ஆசையா இருக்காங்க, என் ஒருத்திக்காக எப்படித் தள்ளிப்போடச் சொல்றது? மனசுல இருக்கிறதைச் சொன்னேன், அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு."

இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டேன். படிக்கட்டில் சொன்னது கூட்டத்தில் சேருமா? நான் பார்க்கவில்லை, கேட்டேன். அதுவும் கூட்டம் முடிந்த பிறகு. எழுதிக் கொடுக்கலாமா, கூடாதா? எழுதினால் வாக்குத் தவறியவள். எழுதாவிட்டால் அரைகுறைப் பார்வையாளர்.

எழுதிக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டு பேர்தானே. மற்றவர்களுக்குச் சம்மதமாக இருக்கலாம்.

அக்டோபர் 25, சனி

இன்று வக்கீல்.

அவருடைய வசனம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. இரண்டாம் காட்சியில் 'பஸ் வரும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பஸ் வராது' என்று சொல்லிவிட்டார். நாடகமே அங்கே முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

படிக்கட்டில் நானே கேட்டேன்: "எல்லாத்துக்கும் சண்டை போடுவீங்களே. அன்னைக்கு மட்டும் ஏன் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

"நான் எப்பவும் எதிர்த்துத்தான் பேசுவேன்னு ஒரு பேரு இருக்கு. ஒரு தடவையாவது ஒத்துப்போவோம்னு பார்த்தேன்." இரண்டு படி இறங்கிவிட்டு, "அது என்னமோ தெரியல, நீ படிக்கட்டுல கேட்டா வாய் வருது. அந்த ஸ்டூலைப் பார்த்தா ஆஸ்பத்திரியில ஊசி போட உட்கார வைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு இன்னும் இரண்டு பேரிடம் வேறு ஏதோ பேசுவதுபோல் விசாரித்தேன். ஒருவருக்கு வீடு மாற்றும் வேலை. இன்னொருவருக்குக் காரணமே இல்லை, வெறும் அலுப்பு. எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி சொன்னார்கள். மத்தவங்க ஆசைப்படறாங்க.

யார் அந்த மத்தவங்க?

அக்டோபர் 26, ஞாயிறு

அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று காலையில் முடிவு செய்தேன். அவள் ஒருத்திக்காவது இந்தத் தேதி வேண்டும். அப்படியென்றால் எல்லோரும் அவளுக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று ஆகும். அது அன்பு. அன்பை நான் குழப்பம் என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

மதியம் துணி மடிக்கும்போது ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்: "நாடகம் போட உனக்கு ரொம்ப ஆசையா இருக்குல்ல?"

அக்கா அப்பாவின் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உண்மையைச் சொல்லவா? எனக்கு மட்டும் விட்டா ஜனவரிக்குத் தள்ளிடுவேன். கடைசி அத்தியாயம் இன்னும் தொடக்கூட இல்ல. ராத்திரி தூக்கத்துல பஸ் ஹாரன் கேட்குது. ஆனா என்ன பண்றது, அவங்கெல்லாம் இவ்வளவு ஆசையா இருக்காங்க. ஒருத்தர்கூட ஸ்டூல்ல உட்காரலையே. நீயும் பார்த்தேல்ல?"

பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை.

அப்படியானால் யாருக்குமே வேண்டாம். ஒரு மன்றம் முழுக்க உட்கார்ந்து, ஒருவருக்கும் வேண்டாத ஒன்றை, ஒரு எதிர்ப்பும் இல்லாமல், கை தட்டி முடிவு செய்திருக்கிறது. நான் அதற்கு முழுச் சம்மதம் என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை? இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். இன்னொன்று மூன்றாவது அத்தியாயம். ஸ்டூல் காலியாக இருந்தால் சம்மதம் என்று அவள் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் இந்தக் கூட்டத்தை மட்டும் ஆறு பக்கம் விவரித்திருக்கிறாள், இதுதான் மிகத் தெளிவான உதாரணமாம். நான் வாயைத் திறந்தால் அக்காவுக்கு நேரம் கிடைக்கும், அத்தியாயம் போய்விடும். திறக்காவிட்டால் அத்தியாயம் இருக்கும், அதை முடித்துக் கொடுக்க நேரம் இருக்காது.

இதில் எது அவளுக்கு நல்லது? தெரியல. எனக்கு நிஜமாவே தெரியல.

அக்டோபர் 28, செவ்வாய்

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "பஸ்ல இருக்கிற ஒருத்தருக்குமே அந்த ஊருக்குப் போக வேண்டாம்னா, பஸ் போகுமா?"

"டைம் ஆயிடுச்சுன்னா எடுத்துத்தான் ஆகணும்."

"டிரைவருக்கும் போக வேண்டாம்னா?"

அப்பா துடைப்பதை நிறுத்தினார். "டிரைவர்கிட்ட யாரு கேட்கறா?" என்றார். பிறகு, "பரீட்சையில இதெல்லாம் கேட்கறாங்களா?" என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

நாளை ஹாலுக்கு மீதித் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு தேதி மாற்ற முடியாது. கணக்குப் பரீட்சையில் ஒரு முழுக் கேள்வியை விட்டுவிட்டேன். தெரிந்த கேள்விதான்.

நவம்பர் 1, சனி

முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா ஒத்திகை அட்டவணையைச் சொன்னாள். இனிமேல் தினமும் மாலை. "யாருக்காவது சிரமம் இருந்தா வாங்க" என்று ஸ்டூலை வைத்தாள். டீ ஊற்றினாள். டிரம்ஸ் அண்ணன் முழங்காலில் தட்டினார். நர்ஸ் அக்காவின் ஜிப் திறந்தது, மூடியது. ஜன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது, வக்கீல் அதைப் பார்த்தார். அக்கா பாதி டம்ளரில் இருந்தாள்.

நான் எழுந்து போய் உட்கார்ந்தேன்.

ஸ்டூல் ஆடியது. அட்டை நகர்ந்துவிட்டது. இத்தனை நாள் மூலையிலிருந்து பார்த்தபோது அது அறையின் நடு. உட்கார்ந்ததும் தெரிந்தது, அது அக்காவின் முகத்துக்கு நேர் எதிர். வேறு எங்கும் பார்க்க முடியாது.

"பார்வையாளர் உட்காரக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள் அக்கா. கோபமாக அல்ல.

"இந்தத் தேதி இங்க யாருக்கும் வேண்டாம்" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீள வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"யாருக்கும்னா? யார் சொன்னா?"

"சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கீழே மெஷின் சத்தம் மட்டும். ஸ்டூலிலிருந்து இறங்க வேண்டும்போல் இருந்தது, இறங்கவில்லை. அப்போது டிரம்ஸ் அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டு, "சரி விடு, புள்ளையை எதுக்கு மாட்டி விடணும். நான்தான் சொன்னேன்" என்றார். நர்ஸ் அக்கா, "நானும்." வக்கீல், "எனக்கு எதிர்ப்பு இல்ல, ஆனா நானும்." பிறகு ஒவ்வொருவராக. மத்தவங்க ஆசைப்படறாங்கன்னு நினைச்சேன், மத்தவங்க ஆசைப்படறாங்கன்னு நினைச்சேன். கடைசியில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"எனக்கும்தான் வேண்டாம்" என்றாள் அக்கா.

எப்படிச் சிரித்தோம் என்று எழுத முடியாது. வக்கீல் தரையில் படுத்துவிட்டார். டிரம்ஸ் அண்ணன், "அப்போ ஹால்காரருக்கு மட்டும்தான் இந்த நாடகம் வேணும் போல" என்றார். கீழேயிருந்து சலவைக்காரர், "என்னப்பா, தரை ஓட்டையாயிடப் போவுது" என்று குரல் கொடுத்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலைப் பார்த்தாள். அப்போது அவள் மட்டும் நின்றுவிட்டாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேர் எதிரில் இருந்ததால் பார்த்தேன்.

தேதி ஜனவரிக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

நல்லது செய்தால் மனது லேசாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அப்படி இல்லை.

மேஜையில் மூன்றாவது அத்தியாயம் விரித்தபடி. அக்கா அதை வாசிக்கவில்லை, மேலே கையை வைத்திருந்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரமா எனக்கு முழுச் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டு இருந்தியா?"

"பார்த்ததை மட்டும் எழுதுன்னு நீதானே சொன்னே."

"டிரம்ஸ் முழங்கால்ல தட்டுறதைப் பார்த்தே. ஜிப்பைப் பார்த்தே. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தோணலையா?"

"தோணினதை எழுதாதன்னும் நீதான் சொன்னே."

அக்கா அத்தியாயத்தை மூடி வைத்தாள். ஜெயித்த மாதிரி இருந்தது, அது பிடிக்கவே இல்லை. நான் சொல்லியிருக்கக் கூடாதா, அல்லது முன்பே சொல்லியிருக்க வேண்டுமா? அவள் எதற்காகக் கோபமாக இருக்கிறாள்? என் மேலா, அவர்கள் மேலா, ஸ்டூல் மேலா? அவளிடம் கேட்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது. எங்கள் அறைக் கதவை நாங்கள் சாத்துவதே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அக்கா மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவிடம் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

மேடம் ஒரே கேள்விதான் கேட்டாராம். "இது ஒண்ணுதான் இப்படியா, இல்ல நாலு வருஷமா எடுத்த முடிவெல்லாம் இப்படியா?" அக்காவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாளாம். மேடம், "இப்போ உள்ளபடியே கொடுத்தா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. பாஸும் ஆயிடும். உன் இஷ்டம்" என்றிருக்கிறார்.

"மாத்தி எழுதணும்னா?" என்று அம்மா கேட்டார்.

"மூணு வாரம். வேற எதுவுமே பண்ணாம உட்கார்ந்தா. எதுவுமேன்னா மன்றமும்தான்."

அம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

நவம்பர் 8, சனி

அக்கா இன்று ஸ்டூலுக்குப் புது விதி சொன்னாள். ஆமாம் என்று சொல்பவரும் வந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். அக்கா உட்பட. டீ கிடையாது.

முதலில் அவளே உட்கார்ந்தாள். "ஆய்வேடு முடியறவரைக்கும் நான் வர முடியாது. அதுக்கப்புறமும் மன்றத்தை நான் மட்டும் நடத்துறது சரியில்லன்னு நினைக்கிறேன். இது என் கருத்து" என்றாள். ஒப்பித்த மாதிரி இருந்தது. எழுந்து தரையில் போய் உட்கார்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நர்ஸ் அக்கா அழுதுவிட்டு, போகக் கூடாது என்றார். வக்கீல் போகலாம் என்றார், ஆனால் போகக் கூடாது என்பதற்கான காரணங்களையும் சொன்னார். டிரம்ஸ் அண்ணன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லன்னா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். நீங்க எங்களுக்காக அவ்வளவு பண்றீங்க, அதனாலயே முடியாதுன்னு சொல்ல வாய் வராது. நாலு வருஷமா."

அக்கா தலையாட்டினாள். காது மட்டும் சிவந்திருந்தது. இதைத்தான் அவள் கேட்க விரும்பினாள், எல்லோரும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று. எனக்கு டிரம்ஸ் அண்ணனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக.

முறை வைத்து நடத்துவது என்று முடிவு. சாவி நர்ஸ் அக்காவிடம். கடைசியில் விளக்கை அணைப்பது யார் என்று வந்தபோது, எனக்கு வீடு பக்கம் என்பதால் நான் என்றார்கள். அக்கா சாவியை வளையத்திலிருந்து கழற்ற முடியாமல் நகத்தால் போராடினாள். வக்கீல் வாங்கிக் கழற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

"நான் இல்லாம நடக்குமா?" என்று அக்கா பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நடக்கும்னு சொன்னா வருத்தப்படுவியா?"

"ஆமா."

"நடக்காதுன்னு சொன்னா?"

"அதுக்கும்தான்."



நவம்பர் 15, சனி

அக்கா இல்லாத முதல் சனி. பிள்ளைகளுக்கு வாசிக்க யார் முறை என்று தெரியாமல் இரண்டு பேர் இரண்டு கதையை ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். ஃபிளாஸ்க் கொண்டுவர யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு சின்ன விஷயத்துக்கு எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்ததில் தரையே குளிர்ந்துவிட்டது. அந்த விஷயம், பஸ் ஹாரனை வாயால் ஊதுவதா, டிரம்ஸில் அடிப்பதா.

ஆனால் வக்கீல் தன் வசனத்தை முழுவதும் சொன்னார். யாரும் அவருக்காகப் பேசவில்லை, அதனால் சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எப்படி நடந்தது என்று கேட்டாள். "மோசம்" என்றேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அப்புறம் சந்தோஷப்பட்டதற்காக என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் நான்தான் கலைத்துவிட்டேனோ?

நவம்பர் 22, சனி

இன்றைக்குத்தான் நாடகம் நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் இந்நேரம் மீசை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

மழை. மன்றத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு டீ கொண்டுபோய் வைத்தேன். வெளியே போகச் சொல்லவில்லை.

"அந்த அக்டோபர் கூட்டத்துல நான் எப்படி டீ குடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

"மெதுவா. முடிஞ்சப்புறமும் டம்ளரைச் சுத்திக்கிட்டு இருந்தே. சர்க்கரை தங்கியிருக்கும்னு நினைச்சேன்."

"சர்க்கரையே போடல." அக்கா திரையைப் பார்த்தபடி சொன்னாள். "யாராவது வந்து உட்கார மாட்டாங்களான்னு பார்த்துட்டு இருந்தேன். எனக்கு அது இப்போதான் தெரியுது. விதி போட்டது நான், ஸ்டூல் என்னோடது, நான் போய் உட்கார்ந்திருக்கலாம்ல? நடத்துறவளுக்கு மாற்றுக் கருத்து இருக்கும்னு எனக்கே தோணல."

மூன்றாவது அத்தியாயத்தின் புதிய முதல் பக்கத்தைக் காட்டினாள். எல்லாம் பெரிய வார்த்தைகள். ஆனால் அவற்றுக்கு நடுவே ஒரு வரி சாதாரணமாக இருந்தது: கூட்டத்தை நடத்தியவரும் காத்திருந்தார்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. ஆனா நீ அழகா இல்ல இதுல."

"பரவால்ல" என்றாள். டீயைக் குடித்தாள், வேகமாக.

நவம்பர் 28, வெள்ளி

கொடுத்துவிட்டாள். திரும்பி வந்து காலணியோடு தூங்கிவிட்டாள். அம்மா கழற்றிவிட்டார்.

டிசம்பர் 6, சனி

அக்கா இன்று மன்றத்துக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்துப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்து, "இவ்வளவு சூடா இருக்குமா இது?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். நான்கு வருடமும் நாற்காலியிலோ, நின்றுகொண்டோதான் இருந்திருக்கிறாள்.

நாடகத்துக்குப் புதுத் தேதி: ஜனவரி 24. நர்ஸ் அக்கா ஸ்டூலை வைத்தார். ஒவ்வொருவராக உட்கார்ந்து சரி என்றார்கள். டிரம்ஸ் அண்ணன், "எனக்குச் சரி. யாருக்காகவும் இல்ல, நிஜமாவே சரி" என்றார். நானும் உட்கார்ந்தேன். சரி என்றேன். நான் இப்போது பார்வையாளர் இல்லை.

கடைசியாக அக்கா. ஸ்டூல் ஆடியது. குனிந்து அட்டையைச் சரி செய்துவிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அந்தத் தேதி வராது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டா அந்த வாரம் முழுக்க நான் அங்க இருக்கணும். ஒரு வாரம் தள்ளினா வர முடியும்" என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றை வேண்டாம் என்று சொல்வது இதுதான் முதல்முறை.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் தள்ளினால் ஹால் கிடையாது என்றார் வக்கீல். மறுபடியும் ஒரு சுற்று உட்கார்ந்தார்கள். நர்ஸ் அக்கா கடைசியில், "தப்பா நினைக்காதீங்க. நீங்க இல்லாமலே போடறோம்" என்றார். பையின் ஜிப்பைத் திறந்து மூடினார், ஆனால் சொல்லிவிட்டார்.

அக்கா என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. வருத்தமா, நிம்மதியா, அல்லது இரண்டும் என்று ஒரு ரிசல்ட் உண்டா?

"ஒத்திகையாவது பார்க்க வரலாமா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் வாங்கிட்டு வாங்க" என்றார் டிரம்ஸ் அண்ணன்.

மெஷின் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா கதவருகே பழக்கத்தில் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சலவைக் கடைப் பெஞ்சில், நான் எப்போதும் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அகராதி, வர்றியா?"

ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினேன். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டேன். முன் விளக்கு, நடு விளக்கு, பிறகு கதவோர விளக்கு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.